மூன்று தாமஸ்களும் ஒருவரா? ஸ்ப்ளிண்ட், ஷண்ட், மஜ்ஜை மாற்று பற்றி ஒரு பதில்

ஆர்த்தோ வார்டில் (எலும்பு சிகிச்சைப் பிரிவில்) முறிந்த காலை இழுத்துப் பிடிக்கும் சட்டத்தைத் தாமஸ் ஸ்ப்ளிண்ட் என்கிறார்கள், இடுப்பு மூட்டைச் சோதிப்பதைத் தாமஸ் டெஸ்ட் என்கிறார்கள். குழந்தைகள் இதயப் பிரிவு கேஸ் ஷீட்டில் பிளேலாக்-தாமஸ்-டாஸிக் ஷண்ட் (நுரையீரலுக்கு ரத்தம் போக அறுவை சிகிச்சையில் உண்டாக்கும் மாற்று வழி) என்று எழுதியிருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு நோபல் பரிசு வாங்கியவரும் தாமஸ். மூவரும் ஒருவரா, ஒரே குடும்பமா, ஒரு பொருளுக்கு ஒருவர் பெயர் இருந்தால் அவர்தான் அதைச் செய்தார் என்று எடுத்துக்கொள்ளலாமா? நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் நீங்கள் கேட்டது இதுதான். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சுருக்கம். மூவரும் வேறு வேறு ஆட்கள், உறவும் கிடையாது. ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) வேல்ஸ்காரர், லிவர்பூலில் வைத்தியம் பார்த்தவர். விவியன் தாமஸ் (1910–1985) அமெரிக்கக் கறுப்பினத்தவர், மருத்துவக் கல்லூரியில் படிக்க வழியில்லாமல் போனவர். டோனல் தாமஸ் (1920–2012) டெக்சாஸில் ஒரு டாக்டர் வீட்டில் பிறந்தவர். உங்கள் மூன்றாவது கேள்விதான் பெரியது. அதற்குப் பதில் தேடினால் மூவரின் வாழ்க்கையையும் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

நான் 31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, கடைசியில் டியூட்டராக ஓய்வு பெற்றவள். பாதிக்கு மேல் ஆர்த்தோ வார்டில்தான் கழிந்தது. தாமஸ் ஸ்ப்ளிண்டை என் கையால் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். ஷண்ட் வைத்த குழந்தைகளை ஐ.சி.யூ.வில் ஒன்றரை வருஷம் பார்த்துக்கொண்டேன். மஜ்ஜை மாற்று வார்டில் வேலை பார்த்ததில்லை, அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஸ்ப்ளிண்ட். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இரவு, லாரி கிளீனர் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். தொடை எலும்பு முறிந்து தொடை பந்து மாதிரி உருண்டு வீங்கியிருந்தது. காலைத் தொட வேண்டாம், டிராலியின் சக்கரம் வாசற்படியில் ஏறி இறங்கினாலே அலறினான். சீனியர் சிஸ்டர் அவனுடைய நல்ல காலில் அளவு எடுத்தார். தொடையின் அடிச் சுற்றளவோடு 5 சென்டிமீட்டர் கூட்டினால் வளையத்தின் அளவு. கவட்டிலிருந்து குதிகால் வரைக்கும் அளந்து 15 சென்டிமீட்டர் கூட்டினால் கம்பியின் நீளம். நான் பாதத்தைப் பிடித்து நிதானமாக இழுத்துக்கொண்டே இருக்க, அவர் வளையத்தை உள்ளே ஏற்றி, கம்பியின் முனையில் கட்டி முறுக்கினார். முறுக்கு ஏற ஏற பையனின் மூச்சு இறங்கியது. கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டான். ஊசி மருந்து போட்டுத்தான் இருந்தது, இருந்தாலும் அலறலை நிறுத்தியது அந்த இழுப்புதான் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

என்ன நடக்கிறது என்றால், தொடைத் தசை உடம்பிலேயே பலமான தசைகளில் ஒன்று. நடுவில் எலும்பு முறிந்தால் அதைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தசை சுருங்கிக்கொண்டு கீழ்த் துண்டை மேலே இழுக்கும். கூரான முனை சதையில் குத்தும். கால் குட்டையாகி, தொடை உருண்டையாகி, உள்ளே ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் ரத்தம் கூடத் தேங்கும். வெளியே ஒரு சொட்டு தெரியாமலே ஆள் ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத ஆபத்தான நிலைக்கு, போய்விடுவார். தாமஸ் ஸ்ப்ளிண்டின் தோல் வளையம் நாம் உட்காரும் இடுப்பெலும்பில் போய் முட்டி நிற்கிறது. இரண்டு பக்கமும் கம்பி ஓடுகிறது. கீழ்முனையில் பாதத்தைக் கட்டி இழுக்கிறோம். இழுப்பும் அதற்கு எதிர் இழுப்பும் ஒரே சட்டத்துக்குள் இருப்பதால் எடை, கப்பி, கட்டில் எதுவும் வேண்டாம். ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். தொடை மறுபடி நீண்டு ஒடுங்குவதால் உள்ளே ரத்தம் தேங்கும் இடமும் குறைகிறது.

இதைச் செய்த ஹியூ ஓவன் தாமஸ் ஆங்கிள்சி தீவில் பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் வந்தவர். நம் பக்கத்தில் புத்தூர் கட்டு என்றால் எல்லாருக்கும் தெரியுமே, அந்த மாதிரிக் குடும்பம். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஒரு சிறுவனிடமிருந்து அந்த வம்சம் தொடங்கியது என்று ஒரு கதை சொல்வார்கள். அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். உறுதியாகத் தெரிந்தது, அவர் அப்பா ஈவன் தாமஸ் பட்டம் இல்லாமல் லிவர்பூலில் எலும்பு கட்டினார், படித்த டாக்டர்கள் அவரைப் பலமுறை கோர்ட்டுக்கு இழுத்தார்கள், அந்த அவமானம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்று ஐந்து மகன்களையும் மருத்துவம் படிக்க வைத்தார் என்பது. ஹியூ எடின்பரோவிலும் லண்டனிலும் படித்து 1857-இல் தகுதி பெற்றார். அப்பாவோடு சேர்ந்து கொஞ்ச காலம் பார்த்தார், ஒத்துவரவில்லை. தனியாக வந்து நெல்சன் தெரு 11-ஆம் எண் வீட்டில் உட்கார்ந்தார்.

எந்த மருத்துவமனையிலும் அவருக்குப் பதவி இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்கப் போவார், பிறகு வீட்டில் வைத்தியம், ராத்திரி வரைக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவசம். துறைமுகத் தொழிலாளர்களும் கப்பல் பட்டறைக்காரர்களும் அவரைத் தேடி வந்தார்கள். வீட்டோடு ஒரு பட்டறை இருந்தது, அங்கே ஒரு கொல்லரும் தோல் வேலைக்காரரும் அவர் சொல்லச் சொல்ல ஸ்ப்ளிண்ட் செய்தார்கள். கம்பியை எங்கே வளைக்க வேண்டும், தோலுக்குள் எவ்வளவு பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும் என்று அந்தந்த நோயாளியின் காலுக்குப் பார்த்துச் செய்த சாமான் அது. வெளிப்புறக் கம்பி மேலே கொஞ்சம் வளைந்திருக்கிறதே, தொடை எலும்பின் மேல் முட்டு அதில் உரசாமல் இருக்கத்தான். ஆஸ்பத்திரி ஸ்டோரில் சைஸ் பார்த்து எடுக்கிற நமக்கு இது மறந்துபோகிறது.

இன்னொன்று. அவர் அந்த ஸ்ப்ளிண்டை முறிவுக்காகத் தொடங்கவே இல்லை. காசநோய் பிடித்த முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கத்தான் செய்தார். 1875-இல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்கள் பற்றி எழுதிய புத்தகத்திலும் அவருடைய ஒரே மந்திரம் ஓய்வுதான்: கட்டாயமான, இடைவிடாத, நீண்ட ஓய்வு. காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. மூட்டை வெட்டி எடுப்பதும் காலையே எடுப்பதும் வழக்கமாக இருந்தபோது, அசைக்காமல் வைத்துப் பொறுமையாக இருங்கள் என்று ஒருவர் சொன்னார். இன்றைக்கு முறிவு ஆன மறுநாளே எலும்புக்குள் உலோக ராடு வைத்து எழுப்பி நடக்க விடுகிறோம், அவருடைய நீண்ட ஓய்வுக் கொள்கையை அப்படியே யாரும் பின்பற்றுவதில்லை. அதனால் அவர் செய்தது தவறு என்று ஆகாது. அவர் காலத்து நோயாளிகள் காலோடு வீட்டுக்குப் போனார்கள்.

தாமஸ் டெஸ்டும் இவருடையதுதான். மல்லாக்கப் படுக்க வைத்து, நல்ல காலை மடக்கி நெஞ்சோடு சேருங்கள். இடுப்புக்கு அடியில் கை நுழையாதபடி முதுகு கட்டிலில் படிந்ததும் மற்றக் காலைப் பாருங்கள். தொடை கட்டிலை விட்டு எழும்பினால் அந்த இடுப்பு மூட்டு மடங்கிய நிலையில் இறுகியிருக்கிறது. அதுவரை முதுகை வளைத்து அதை மறைத்துக்கொண்டிருந்தார் நோயாளி. காசு செலவில்லாத பரிசோதனை, இன்றும் தினமும் செய்கிறோம். காலணியில் வைக்கும் தாமஸ் ஹீலும் அவருடையதே.

அவர் 1891-இல் 56 வயதில் இறந்தார். லிவர்பூலுக்கு வெளியே ஸ்ப்ளிண்டைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை உலகத்துக்குக் கொண்டுபோனவர், அவர் வீட்டிலேயே 16 வயதிலிருந்து வளர்ந்து வேலை கற்ற மருமகப் பிள்ளை ராபர்ட் ஜோன்ஸ். மகளைக் கட்டியவர் இல்லை, ஹியூவின் மனைவி வழி உறவு. முதல் உலகப் போரில் தொடையில் குண்டடி பட்டவர்கள் முன்னணியிலிருந்து பின்னால் வருவதற்குள் செத்துப்போனார்கள். ஜோன்ஸ் விடாமல் வற்புறுத்தி, போர்முனையிலேயே தாமஸ் ஸ்ப்ளிண்ட் போட வைத்தார். கால்சட்டைக்கும் பூட்ஸுக்கும் மேலேயே போட்டார்கள். இருட்டில் போட வேண்டி வரும் என்று ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களுக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். இந்த இடத்தில் பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கு வரும்: இறப்பு 80 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது என்று. இறப்பு பெரிய அளவில் குறைந்தது நிச்சயம். ஆனால் அந்த இரண்டு எண்களையும் ஸ்ப்ளிண்ட் ஒன்றின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே வருஷங்களில் காயத்தைச் சீக்கிரம் திறந்து சுத்தம் செய்வது, ரத்தம் ஏற்றுவது, முன்னணிக்குப் பக்கத்திலேயே அறுவை சிகிச்சை செய்வது எல்லாம் சேர்ந்து வந்தன. பரீட்சையில் எண்ணை எழுதுங்கள், மனதில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ளிண்ட் போட்டவரைப் பார்த்துக்கொள்ளும்போது இரண்டு விஷயத்தை விடாதீர்கள். வளையத்துக்கு அடியில் தோலை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள், கவட்டில் சிவந்தால் அடுத்த ஷிஃப்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் முழங்காலுக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு அழுந்துகிறது.

இனி ஷண்ட். விவியன் தாமஸின் அப்பா நாஷ்வில்லில் தச்சர். மகனும் உளி பிடித்து வளர்ந்தவர், டாக்டருக்குப் படிக்கக் காசு சேர்த்தவர். 1929-இல் பங்குச் சந்தை விழுந்தது, படிப்பைத் தள்ளிப்போட வேண்டி வந்தது. 1930 பிப்ரவரியில், 19 வயதில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற இளம் சர்ஜனின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களில் வங்கி மூழ்கியது, சேர்த்த காசும் போனது. செய்தது ஆய்வு வேலை, சம்பளப் பட்டியலில் எழுதியிருந்தது துப்புரவுப் பணியாளர் என்று. அங்கே இருவரும் சேர்ந்து, அடிபட்டவர் ஷாக்கில் போவதற்கு ரத்தமும் உடல் திரவமும் குறைவதே காரணம் என்று பரிசோதித்துக் காட்டினார்கள். மேலே சொன்ன லாரிப் பையனுக்கு நாங்கள் ஸ்ப்ளிண்ட் போடும்போதே மறு கையில் ட்ரிப் ஏற்றியதற்குப் பின்னால் இந்த வேலையும் இருக்கிறது. ஒரே கட்டிலில் இரண்டு தாமஸ்கள் இருந்தார்கள் என்பது எனக்கே ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

1941-இல் பிளேலாக் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனார், தாமஸையும் கூட்டிப் போனார். நிறப் பாகுபாடு கடுமையாக இருந்த இடம். கறுப்பர் ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டு வராந்தாவில் நடந்தால் நின்று பார்த்தார்கள். அங்கே குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாஸிக் இருந்தார். காது சரியாகக் கேட்காது, குழந்தையின் நெஞ்சில் விரலை வைத்தே துடிப்பைப் படித்தவர். ஃபாலோ நோய் என்ற பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருப்பதால் ரத்தம் போதிய அளவு அங்கே போகாது, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பிறக்கும்போது மூட வேண்டிய ஒரு ரத்தக் குழாய் மூடாமலே இருந்துவிட்ட குழந்தைகள் கொஞ்சம் நன்றாக இருப்பதை டாஸிக் கவனித்தார். அப்படியானால் அந்த வழியைச் செயற்கையாக உண்டாக்க முடியாதா என்று கேட்டார். கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் வேலையை பிளேலாக்கும் தாமஸும் வேறொரு ஆய்வுக்காக வாண்டர்பில்ட்டில் நாய்களிடம் ஏற்கெனவே செய்திருந்தார்கள். இனி அதை நீலக் குழந்தைக்கு ஆகும்படி செய்ய வேண்டும்.

அதைச் செய்தது பெரும்பாலும் தாமஸின் கை. ஏறக்குறைய 200 நாய்களில் முதலில் அந்த நோயைப் போன்ற நிலையை உண்டாக்கினார், பிறகு அதைச் சரி செய்தார். அவ்வளவு சின்னக் குழாயைத் தைக்க ஊசி கிடைக்காததால் இருந்த ஊசியை வெட்டித் தீட்டிச் சின்னதாக்கினார். தச்சுப் பட்டறையில் பழகிய விரல்கள். 1944 நவம்பர் 29-இல் ஐலீன் சாக்ஸன் என்ற 15 மாதக் குழந்தைக்கு, எடை சுமார் 4 கிலோ, பிளேலாக் அறுவை சிகிச்சை செய்தார். அந்தத் தையலை பிளேலாக்கைவிடப் பல மடங்கு அதிகமாகப் போட்டுப் பழகியவர் தாமஸ்தான். அதனால் பிளேலாக் அவரைக் கூப்பிட்டுத் தன் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்திக்கொண்டார். தையலைக் கேட்டுக் கேட்டுப் போட்டார். அந்தக் குழந்தை நீண்ட நாள் உயிரோடு இருக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த குழந்தைகள் மேசையிலேயே உதடு சிவந்து எழுந்தார்கள், உலகமெங்கும் இருந்து நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள்.

1945 மே மாதம் கட்டுரை வெளியானபோது அதில் இரண்டு பெயர்தான்: பிளேலாக், டாஸிக். அதனால்தான் என் காலத்தில் எல்லாரும் பி.டி. ஷண்ட் என்றே சொன்னோம், கேஸ் ஷீட்டிலும் அப்படியே எழுதினோம். யோசனையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் பிளேலாக் பக்கமும் டாஸிக் பக்கமும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை, அதில் தீர்ப்புச் சொல்ல நான் யாரும் இல்லை. ஆனால் நுட்பத்தை நாய்களிடம் கட்டி எழுப்பியது தாமஸ் என்பதில் இன்று சந்தேகம் கிடையாது. பல வருஷம் சம்பளம் போதாமல் பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையும் பார்த்தார். பகலில் அவரிடம் தையல் கற்றுக்கொண்ட இளம் சர்ஜன்கள் சிலர் இரவில் அங்கே விருந்தாளிகள். இதை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 1971-இல் அவருடைய ஓவியத்தை மருத்துவமனைச் சுவரில் மாட்டினார்கள். 1976-இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். சட்டத்துறைப் பட்டம், மருத்துவப் பட்டம் கிடையாது. ஷண்ட்டின் நடுவில் தாமஸ் பெயர் சேர்ந்தது அதற்கும் ரொம்பப் பின்னால்தான். நீங்கள் பார்த்த கேஸ் ஷீட்டை எழுதியவர் நல்ல டாக்டர். இப்போது தமனியையே திருப்பித் தைக்காமல் நடுவில் ஒரு செயற்கைக் குழாயை வைக்கிறார்கள். ஷண்ட் வைத்த குழந்தைக்கு அந்தப் பக்கக் கையில் பி.பி. பார்க்காதீர்கள், எண் குறைவாகக் காட்டி உங்களை ஏமாற்றும்.

மூன்றாமவர் டோனல் தாமஸ். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூர் மருத்துவமனையில், 1950-களின் நடுவில், ரத்தப் புற்றுநோய் நோயாளியின் மஜ்ஜையைக் கதிர்வீச்சில் அழித்துவிட்டு இன்னொருவர் மஜ்ஜையை ஏற்றிப் பார்த்தார். 1957-இல் வெளியிட்ட முதல் ஆறு நோயாளிகளில் ஒருவரும் 100 நாளைத் தாண்டவில்லை. அடுத்த பத்து வருஷத்தில் உலகம் முழுக்க முயன்றவர்களும் தோற்றார்கள், பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். வந்த மஜ்ஜையை உடம்பு ஏற்காமல் தள்ளும், அல்லது வந்த மஜ்ஜையே உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்கும். அவர் மனிதர்களிடம் செய்வதை நிறுத்திவைத்துவிட்டு நாய்களிடம் திரும்பினார், திசுப் பொருத்தம் பார்க்கும் முறைகள் வளரும்வரை உழைத்தார். சியாட்டிலில் 1969-இல் பொருத்தமான உடன்பிறப்பிடமிருந்து மஜ்ஜை எடுத்து மறுபடி தொடங்கினார். 1977-இல் கைவிடப்பட்ட நிலையில் வந்த 100 பேரின் கணக்கை வெளியிட்டார், 13 பேர் நோயில்லாமல் நீண்ட நாள் இருந்தார்கள். 13 என்பது குறைவாகத் தோன்றும். அதற்கு முன்னால் அந்த நிலையில் இருந்தவர்களுக்கு மிச்சம் ஒன்றுமே இல்லை. 1990-இல் சிறுநீரக மாற்றின் ஜோசப் மரேயோடு நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். நம் வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று தொடங்கியது 1986-இல், அவர் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே.

ஆக, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மருத்துவமனைப் பதவியே இல்லாத ஒருவருடைய பெயர் ஸ்ப்ளிண்டில் முழுசாக ஒட்டிக்கொண்டது, அதையும் ஒட்ட வைத்தது மருமகன். ஷண்ட்டில் கை வைத்தவரின் பெயர் பல பத்தாண்டு கழித்து நடுவில் நுழைந்தது. நோபல் வாங்கியவரின் பெயரோ எந்தக் கருவியிலும் இல்லை, ஏனென்றால் மஜ்ஜை மாற்று என்பது ஒரு கருவி கிடையாது. கதிர்வீச்சு, திசுப் பொருத்தம், கிருமியில்லாத அறை, ரத்தத் தட்டணு, இரவும் பகலும் பக்கத்தில் இருக்கும் நர்ஸ் எல்லாம் சேர்ந்த வேலை அது. அதற்கு ஒரு பெயர் வைக்க முடியாது. பொருளில் பெயர் இருந்தால் அவருக்கு அதில் பங்கு உண்டு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாருக்குப் பங்கு உண்டு என்று பெயர் சொல்லாது. இதே பெயரில் இன்னொருவரும் இருக்கிறார், நியூயார்க்கின் பெண் நோய் மருத்துவர் கெய்லார்ட் தாமஸ், 19-ஆம் நூற்றாண்டுக்காரர். மகப்பேறு பிரிவுக்குப் போகும்போது அவரையும் இவர்களோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டோனல் தாமஸ் வீட்டிலும் பார்க்க வேண்டிய ஒரு பெயர் உண்டு. மனைவி டாட்டி, டெக்சாஸில் அபூர்வமாகப் பனி பெய்த ஒரு நாளில் பனி உருண்டையை அவர் மேல் எறிந்து அறிமுகமானவர். பத்திரிகைத் துறை படித்துக்கொண்டிருந்தவர், கணவருக்காக அதை விட்டுவிட்டு லேப் டெக்னீஷியன் பயிற்சி எடுத்தார். ஆரம்பத்தில் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பார்த்தார், பிறகு அவருடைய கட்டுரைகளை எல்லாம் வரி வரியாகத் திருத்தினார், மொத்த ஆய்வுத் திட்டத்தின் நிர்வாகத்தையும் கவனித்தார். டோனல் தாமஸை மஜ்ஜை மாற்றின் தந்தை என்று எழுதும் அதே இடங்களில் டாட்டியைத் தாய் என்று எழுதுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய பெயரும் தாமஸ்தான்.